வீட்டுத் தோட்டத்தில் சிட்டுக்குருவி

பெங்களூருவின் பழைய ஓட்டு வீடுகளில், கூரைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த பொந்துகளில் சிட்டுக்குருவிகள் கூடு கட்டி வாழ்ந்தன. கான்கிரீட் கட்டடங்கள் பெருகியதும் அவ்விடங்கள் அருகின. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2020ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை, நாட்டளவில் இக்குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாக உள்ளதென்றும், பெங்களூரு, சென்னை போன்ற பெருநகரங்களில் குறைந்து வந்துள்ளதென்றும் தெரிவித்தது. ஆகவே, இது பெரிதும் நகர வாழ்வைச் சார்ந்த பிரச்சினையாகும்.

உறைவிடக் குறையை மரத்தாலான கூட்டுப்பெட்டிகளைக் கொண்டு ஓரளவு ஈடுசெய்யலாம். நுழைவுத் துளையின் விட்டம் சுமார் 32 மில்லிமீட்டராக இருப்பின் குருவி எளிதில் நுழையும். மைனா நுழைய இயலாது. பூனை எட்டாத உயரத்தில், கடும் வெயிலும் மழைச்சாரலும் படாத சுவரில் பெட்டியைப் பொருத்துதல் வேண்டும்.

எனினும், பெட்டி மட்டும் போதாது. வளர்ந்த குருவிகள் தானியம் உண்டு வாழினும், குஞ்சுகளுக்குத் தொடக்க நாட்களில் புழு பூச்சிகளே முக்கிய உணவாகும். எனவே, பூச்சிமருந்து தெளிக்கும் தோட்டத்தில் பெட்டி அமைப்பதால் பெரும்பயன் விளையாது. செடிகொடிகளும், ஆழமற்ற தட்டில் நாள்தோறும் மாற்றப்படும் நீரும் இன்றியமையாதவை.

ஆண் குருவியைத் தொண்டையின் கருநிறத்தாலும், பெண் குருவியை மங்கிய பழுப்பு நிறத்தாலும் அடையாளம் காணலாம். மேற்கூறிய அறிக்கையே பறவை ஆர்வலர்களின் பதிவுகளைக் கொண்டு உருவானதாகும். ஆதலின், கண்ட பறவைகளை நாள், இடம், எண்ணிக்கையுடன் குறித்து வைப்பதும் பயனுள்ள பொதுப்பணியே.