சாப்பிட்டும் பி12 குறைவது ஏன்?

நமக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பி12 வைட்டமின் 2 முதல் 2.5 மைக்ரோகிராம்தான். முட்டை, பால், மீன் என்று ஒழுங்காகச் சாப்பிடுபவருக்கு அதுகூடக் கிடைக்காமல் போகுமா? குரோன் என்னும் குடல் அழற்சி நோய் இருந்தால் போகலாம்.

மற்ற வைட்டமின்களில் பெரும்பாலானவை சிறுகுடலின் மேல்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பி12 அப்படியல்ல. இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்து, சிறுகுடல் முழுவதையும் கடந்து, அதன் கடைசிப் பகுதியான இலியத்தின் முனையில் உள்ள ஏற்பிகளில் ஒட்டினால்தான் உள்ளே போக முடியும். குரோன் நோய் அடிக்கடி புண்ணாக்குவதும் அதே முனையைத்தான். அறுவை சிகிச்சையில் இலியத்தில் 60 செ.மீ.க்கு மேல் வெட்டி எடுத்திருந்தால் குறைபாடு ஏறக்குறைய உறுதி.

ஆனால் உடனே தெரியாது. கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான இருப்பு உண்டு. அது கரைந்த பிறகே சோகை, பாதம் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம். அதற்குள் பழைய அறுவை சிகிச்சையை நோயாளியே மறந்திருப்பார்! இந்த நிலையில் ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் கொடுப்பது ஆபத்து: சோகை தேறியதுபோல் தோன்றும், நரம்புச் சேதமோ தொடரும்.

குடல் உறிஞ்சாததால்தான் பி12 ஊசி. தசை வழியே போகும் மருந்துக்குக் குடலின் தயவு வேண்டாம். 1,000 மைக்ரோகிராம் மாத்திரையும் சிலருக்கு உதவுகிறது. ஏற்பிகள் இல்லாமலேயே அதில் சுமார் 1 சதவீதம் கசிந்து ரத்தத்தில் சேரும். அன்றைய தேவைக்கு அது தாராளம்.