ஹங்கேரித் தொன்மக் கதைகளும் என் பழைய பேச்சும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் நான் ஹங்கேரியைப் பற்றிப் பேசினேன். அந்த மொழியில் தந்தைக்கு 'அபா' என்று பெயர். நாம் 'அப்பா' என்கிறோம். ஆகவே அவர்கள் நமக்குத் தூரத்து உறவு என்று அடித்துச் சொன்னேன். கைதட்டல் பலமாக இருந்தது. அந்த வருட மலரில் அது அச்சும் ஆகிவிட்டது. அதில் பாதி தப்பு. அதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

என்னைத் திருத்தியவர் ஒரு ஹங்கேரியர்தான். டார்ஜிலிங்கில் அவர் கல்லறை இருக்கிறது. சோமா டி கோரோஸ் என்ற பெயரில் நம் கல்கத்தா ஏசியாட்டிக் சொசைட்டியில் நூலகராக இருந்தவர். தம் இனத்தின் பூர்வீகம் ஆசியாவில் எங்கோ இருக்கிறது என்று நம்பி 1819-இல் திரான்சில்வேனியாவிலிருந்து கிளம்பி, பெரும்பாலும் நடந்தே இந்தப் பக்கம் வந்தார். தேடியது கிடைக்கவில்லை. வழியில் திபெத்திய மொழி கிடைத்தது. 1834-இல் அவருடைய திபெத்திய–ஆங்கில அகராதி கல்கத்தாவில் அச்சேறியது. லாசாவை நோக்கி மறுபடி புறப்பட்டவர், 1842 ஏப்ரலில் டார்ஜிலிங்கில் காய்ச்சலில் இறந்துபோனார். குடும்பத்தோடு கோடை விடுமுறைக்குப் போனபோது அந்தக் கல்லறையைப் பார்த்தேன். 'பூர்வீகம் தேடி இவ்வளவு தூரம் வந்த மனிதர், தம்மவர் கதைகளில் எதைக் கேட்டு வளர்ந்திருப்பார்?' என்று தோன்றியது. திரும்பி வந்து படிக்க ஆரம்பித்தேன்.

முதல் ஏமாற்றம், படிக்க மூலநூல் இல்லை என்பது. கிரேக்கருக்கு ஹோமர் இருக்கிறார். வடநாட்டவரின் ஓடின், தோர் கதைகளை 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் ஸ்நோரி எழுதிவைத்தார். ஃபின்லாந்துக்காரர்கள்கூட நாட்டுப்பாடல்களைத் திரட்டி 1835-இல் 'கலேவலா'வை உண்டாக்கிக்கொண்டார்கள். ஹங்கேரியருக்கு அப்படி ஒன்றுமே இல்லை. மஜார்கள் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் இவர்கள் 895 வாக்கில் ஆர்ப்பாத் தலைமையில் இன்றைய நாட்டுக்குள் வந்தார்கள். சுமார் நூறு வருஷம் கழித்து அரசர் இஷ்ட்வான் கிறித்தவராக முடி சூட்டிக்கொண்டார். 1046-இல் பழைய வழிபாட்டுக்காரர்கள் கலகம் செய்தார்கள். அவர்கள் தலைவன் வாதா தலையை மழித்து மூன்று குடுமி விட்டுக்கொண்டானாம்! கெல்லேர்ட் என்ற பிஷப் கொல்லப்பட்டார். புடாபெஸ்டில் அவர் பெயரில் குன்று இருக்கிறது. பிறகு 1092-இல் லாஸ்லோ மன்னர் காலத்தில் ஒரு சட்டம்: கிணற்றடியில் பலியிட்டாலோ, மரம், ஊற்று, கல் இவற்றுக்குப் படையல் வைத்தாலோ ஓர் எருது அபராதம். எதை வணங்கினார்கள் என்பதை நாம் தெரிந்துகொள்வதே, வணங்கக்கூடாது என்று போட்ட சட்டத்திலிருந்துதான்.

மிஞ்சியவை பாதிரிமார் லத்தீனில் எழுதிய வரலாறுகளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1200 வாக்கில் பெயர் சொல்லாத ஓர் ஆசிரியர் எழுதியதில் வருவது எமெஷெயின் கனவு. துருல் என்னும் பருந்து போன்ற பறவை கனவில் வந்து அவளைக் கருவுறச் செய்கிறது. அவள் வயிற்றிலிருந்து பெருவெள்ளம் புறப்படுகிறது. புகழ்பெற்ற அரசர்கள் அவள் வழியில் தோன்றுவார்கள். ஆனால் தங்கள் சொந்த மண்ணில் அல்ல, வேறு மண்ணில் பெருகுவார்கள் என்பது கனவின் பொருள். பிறந்த பிள்ளைக்குக் கனவைக் குறிக்கும் சொல்லை ஒட்டி ஆல்மோஷ் என்று பேர் வைத்தார்கள். ஆர்ப்பாதின் தந்தை அவர்தான். ஊரை விட்டு வந்து குடும்பம் நடத்தும் நமக்கு அந்த 'வேறு மண்' என்ற இடம் சும்மா கடந்துபோகாது, இல்லையா?

இன்னொரு கதை இன்னும் புகழ்பெற்றது. ஹுனோர், மாகோர் என்று இரண்டு சகோதரர்கள் ஒரு பெண்மானைத் துரத்திக்கொண்டு அசோவ் கடலோரச் சதுப்பு நிலத்துக்குள் போகிறார்கள். மான் மறைந்துவிடுகிறது. இடம் மேய்ச்சலுக்கு நன்றாக இருக்கிறதே என்று அங்கேயே தங்கி, பெண்களைக் கவர்ந்துவந்து குடும்பமாகிறார்கள். ஒருவர் வழியில் ஹூணர், மற்றவர் வழியில் மஜார். 1280-களில் சீமோன் கேசாய் என்ற பாதிரியார் இதை எழுதினார். ஆனால் கவனியுங்கள்: அந்தச் சகோதரர்களின் தகப்பனாக அவர் சொல்வது பைபிளில் வரும் நிம்ரோதை. மான் வழிகாட்டிய கதையையோ, 6-ஆம் நூற்றாண்டிலேயே யோர்தானெஸ் என்பவர் ஹூணர்களைப் பற்றி எழுதிவிட்டார், மஜார்கள் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு மேல் முன்னால்! ஆக, 'எங்களுடையது' என்று அவர்கள் நெஞ்சில் வைத்திருக்கும் கதையே பல கை மாறி வந்தது. இது தெரிந்த பிறகும் கதையின் அழகு எனக்குக் குறையவில்லை.

உண்மையில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது தால்தோஷ். இவன் பூசாரியும் அல்ல, மந்திரவாதியும் அல்ல. பல்லோடு பிறந்தவன், அல்லது ஆறு விரலோடு பிறந்தவன். வீடு வீடாகப் போய்ப் பால் கேட்பான். ஆவேசத்தில் காளையாக மாறி இன்னொரு தால்தோஷோடு முட்டிச் சண்டை போடுவான். ஜெயித்தவன் பக்கம் மழையும் விளைச்சலும். 18-ஆம் நூற்றாண்டுச் சூனியக்காரி வழக்குகளில், நீதிமன்றத்தில் நின்றுகொண்டு 'நான் தால்தோஷ்' என்று சொன்னவர்களின் வாக்குமூலங்கள் இருக்கின்றன. நாட்டுப்புறக் கதைகளில் வானத்தைத் தொடும் மரமும், அதில் ஏறிப்போகும் பையனும் உண்டு. இதையெல்லாம் சேர்த்து வைத்துத்தான் வில்மோஷ் தியோசெகி 1958-இல் வெளியிட்ட நூலில், தால்தோஷ் சைபீரிய ஷாமனின் வாரிசு என்றார். மொழியும் அந்தப் பக்கம்தானே கை காட்டுகிறது? ஹங்கேரிய மொழிக்கு மிக நெருங்கிய உறவு, மேற்கு சைபீரியாவில் ஓப் நதிக்கரையில் வாழும் ஹாந்தி, மான்சி மக்களின் மொழிகள்.

ஆனால் பிற்பாடு வந்தவர்கள் பக்கத்து வீட்டையும் எட்டிப் பார்த்தார்கள். இத்தாலியின் ஃபிரியூலியில், பனிக்குடச் சவ்வோடு பிறந்தவர்கள் இரவில் ஆவியாகப் புறப்பட்டு, விளைச்சலுக்காகச் சூனியக்காரர்களோடு பெருஞ்சீரகத் தண்டை ஏந்திச் சண்டை போட்டதாகச் சொன்ன வழக்குகளை கார்லோ கின்ஸ்பர்க் 1966-இல் வெளியிட்டார். ஸ்லொவேனியா, குரோஷியாப் பக்கம் கிரெஸ்னிக் என்று இதே போல ஒருவன். கிழக்கேயிருந்து வந்தது எவ்வளவு, அக்கம்பக்கத்தில் கற்றது எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். என் அபிப்பிராயம் கேட்டால், ஐரோப்பியத் தொன்மங்களில் ஹங்கேரியின் இடம் இதுதான் என்பேன்: மொழியில் வெளியாள், கதையில் உள்ளூர்க்காரன்.

19-ஆம் நூற்றாண்டில் ஆர்வலர்களுக்கு இது போதவில்லை. எல்லோருக்கும் தேவர் கூட்டம் இருக்க நமக்கு இல்லையே என்ற குறை. 1823-இல் ஷாண்டோர் செகெய் என்ற கவிஞர் 'ஹாதூர்' என்று ஒரு போர்க்கடவுளுக்குப் பெயர் சூட்டினார். இரண்டே வருஷத்தில் வெரெஷ்மார்ட்டி அவரைத் தம் காவியத்தில் ஏற்றிவிட்டார். அப்புறம் ஹாதூர் ஆதிகாலக் கடவுளாகவே ஆகிவிட்டார்! 1854-இல் அர்னோல்ட் இப்போயி என்ற பாதிரியார் கிராமத்துக் கதைகளையும் நம்பிக்கைகளையும் திரட்டி முதல் பெரிய நூலைப் போட்டார். அவர் ஊகங்கள் பல நிற்கவில்லை, திரட்டியது நின்றது.

ஹாதூரைப் படிக்கும்போது எனக்கு முகம் சிவந்தது. நான் மேடையில் செய்ததும் அதைத்தானே? 1856-இல் கால்டுவெல் திராவிட மொழிகளை, ஃபின்னிய, ஹங்கேரிய மொழிகளையும் சேர்த்து அவர் 'சித்திய' என்று அழைத்த கூட்டத்தோடு உறவுபடுத்தினார். பெரியவர் சொன்னதுதான், ஆனால் இன்றைய மொழியியலார் திராவிடத்தைத் தனிக் குடும்பமாகவே வைக்கிறார்கள், அந்த உறவைப் பொதுவாக ஏற்பதில்லை. 'அபா', 'அப்பா' போன்றவை குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள். சம்பந்தமே இல்லாத பல மொழிகளில் உண்டு.

இதைச் சொன்னதும் அன்று முன்வரிசையில் கைதட்டிய நண்பர், "என்ன ஸார், இத்தனை வருஷம் கழிச்சு இல்லேங்கறீங்களே!" என்று வருத்தப்பட்டார். அவருக்கு எமெஷெயின் கனவைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் சொல்லுங்கோ" என்றார். பழைய மலர் வைத்திருக்கும் அன்பர்கள் என் பேச்சு வந்த பக்கத்தில் ஒரு பென்சில் கோடு போட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.