அறிவிப்பாளர் தொடரும் அறிவு வரைபடமும்

ஒரு செய்தி உண்மைதானா என்று கேட்பதற்கு முன், அது யாரிடமிருந்து யார் வழியாக வந்தது என்று கேட்பது ஹதீஸ் கலையின் முதற்பாடமாகும். அந்தக் கேள்வி இன்று கணினித் துறையிலும் எழுந்துள்ளது. ஆயிரக்கணக்கான ஆவணங்களைப் படித்து, அவற்றில் வரும் மனிதர்கள், ஊர்கள், அலுவலகங்கள், நிகழ்ச்சிகள் ஆகியவற்றுக்கு இடையிலான தொடர்புகளை வலைபோல் வரைந்து காட்டும் மென்பொருள்கள் பெருகியுள்ளன. 'நாலெட்ஜ் கிராஃப்' என வழங்கும் இதனை நாம் 'அறிவு வரைபடம்' என்று குறிப்போம். கருத்து வேறுபாடு மிகுந்த ஒரு பொருளைப் பற்றிய ஆவணத் தொகுதியை ஆராய இக்கருவி எவ்வளவு துணைசெய்யும், எங்கே வழிதவறச் செய்யும் என்பதைத் தாம்பரம் வட்டாரம் நன்கறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு காண்போம்.

அறிவு வரைபடத்தின் அடிப்படை எளியது. ஒவ்வொரு கூற்றையும் அது மூன்று உறுப்புகளாகப் பிரிக்கிறது. 'ஆதனூர் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேர்கிறது' என்ற தொடரில் ஏரி ஓர் உறுப்பு. ஆறு மற்றோர் உறுப்பு. 'சேர்கிறது' என்பது இரண்டையும் பிணைக்கும் உறவு. ஏரியும் ஆறும் கணுக்களாகவும், உறவு அவற்றை இணைக்கும் கோடாகவும் வரையப்படும். இவ்வாறு கோடுகள் பெருகப் பெருக, தனித்தனியே படிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத தொடர்புகள் புலப்படுகின்றன. 2016ஆம் ஆண்டு வெளியான 'பனாமா ஆவணங்கள்' ஏறத்தாழ 1 கோடியே 15 இலட்சம் கோப்புகள் கொண்டவை. புலனாய்வு இதழாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு அவற்றை 'நியோஃபோர்ஜே' என்னும் வரைபடத் தரவுத்தளத்தின் துணையுடன்தான் ஆராய்ந்தது. ஒருவரது பெயர் தன் தரவுத்தளத்தில் காணப்படுவதனாலேயே அவர் குற்றமிழைத்தார் என்று பொருளாகாது என அக்கூட்டமைப்பு அறிவித்திருப்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

இம்முறை நம் மரபுக்கு அந்நியமானதன்று. ஹிஜ்ரி 742 (கி.பி. 1341)இல் மறைந்த இமாம் மிஸ்ஸீ (ரஹ்) தமது 'தஹ்தீபுல் கமால்' நூலில், ஒவ்வோர் அறிவிப்பாளருக்கும் அவர் எவரெவரிடம் கேட்டார், அவரிடம் எவரெவர் கேட்டனர் என்று இரு பட்டியல்களைத் தந்துள்ளார். ஆசிரியரைக் கணுவாகவும் மாணவரைக் கணுவாகவும் கொண்டு கோடு வரைந்தால் அந்நூல் முழுவதும் ஒரு மாபெரும் வரைபடமாகிவிடும்.

இனி நம் எடுத்துக்காட்டுக்கு வருவோம். 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முதல் நாளான டிசம்பர் 1இல் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. முடிச்சூர், வரதராஜபுரம் முதல் அடையாறு முகத்துவாரம் வரை கரையோரக் குடியிருப்புகள் நீரில் மூழ்கின. பேரழிவுக்குக் காரணம் எது என்ற வாதம் அன்று தொடங்கியது. ஏரியைக் காலங்கடந்து திறந்ததே காரணம் என்ற குற்றச்சாட்டை மறுத்து அதே மாதத்தில் தலைமைச் செயலாளர் விளக்கம் வெளியிட்டார். 2016 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் உள்துறை நிலைக்குழு அளித்த அறிக்கை, நீர்நிலை ஆக்கிரமிப்புகளைச் சுட்டிற்று. 2018 ஜூலையில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, இதனை மனிதரால் விளைந்த பேரிடர் என்றது. இவற்றோடு வானிலை அறிக்கைகளையும் நாளிதழ்ச் செய்திகளையும் சேர்த்தால் அது ஒரு பெரிய ஆவணத் தொகுதி. இதனை ஒரு மென்பொருளிடம் ஒப்படைத்தால் என்ன நிகழும்?

முதற்சிக்கல் பெயர்களில் எழும். 2015ஆம் ஆண்டு ஆவணத்தில் தாம்பரம் ஒரு நகராட்சி. அது காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. 2021இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. காலத்தைக் கருதாத மென்பொருள் இவற்றை வெவ்வேறு கணுக்களாக்கிவிடும். மாறாக, வரதராஜபுரம் என்ற பெயர் கோயம்புத்தூரிலும் உண்டு. அவ்விரண்டும் ஒரே கணுவாகிவிடக்கூடும். ஹிஜ்ரி 463 (கி.பி. 1071)இல் மறைந்த கதீபுல் பக்தாதீ (ரஹ்) இவ்விரு பிழைகளையும் தனித்தனியே ஆராய்ந்தவர். ஒரே பெயருடைய வெவ்வேறு ஆட்களைப் பற்றி ஒரு நூலும், ஒருவரையே இருவராகவும் இருவரையே ஒருவராகவும் கொண்ட மயக்கங்களைப் பற்றி மற்றொரு நூலும் அவர் இயற்றினார்.

இரண்டாம் சிக்கல் எண்ணிக்கை பற்றியது. 29,000 கனஅடி என்ற அளவு எண்ணற்ற செய்திகளில் இடம்பெற்றுள்ளது. இத்தனை ஆவணங்கள் ஒரே செய்தியைச் சொல்வதால் அதன் உறுதி மிகுதி என்று மென்பொருள் கணக்கிடலாம். ஆனால், மதகின் வழியே வெளியேறும் நீரை அளந்து பதிவேட்டில் எழுதியது அன்றைய பொதுப்பணித் துறை. செய்திகள் அனைத்தையும் மேல்நோக்கித் தொடர்ந்தால் அந்த ஒரு பதிவேட்டிலேயே அவை சென்று முடியும். ஒவ்வொரு தலைமுறையிலும் பெருந்தொகையினர் அறிவித்தாலன்றி ஒரு செய்தி 'முதவாதிர்' ஆகாது. தொடக்கத்தில் ஒருவரே அறிவித்து, பின்னர் ஆயிரம் பேர் பரப்பினாலும் அது 'ஆஹாத்' வகையே. அதனால் அச்செய்தி பொய் என்றாகிவிடாது. அதன் வலிமை அந்த ஒருவரின் நம்பகத்தைப் பொறுத்தது என்பதே பொருள்.

மூன்றாம் சிக்கல் இவற்றினும் நுட்பமானது. 'செம்பரம்பாக்கம் – காரணம் – வெள்ளம்' என்ற ஒரே கோட்டின்கீழ் இரு வேறு குற்றச்சாட்டுகள் மறைந்து கிடக்கின்றன. முன்கூட்டியே நீரைத் திறந்து ஏரியில் இடம் உண்டாக்கவில்லை என்பது மக்களிடையே பரவிய குறை. ஏரியில் இன்னும் நீரைத் தேக்க இடமிருந்தும் அளவுக்கு மீறித் திறந்துவிட்டனர் என்பது தணிக்கையாளரின் குறை. முன்னது தாமதத்தைப் பழிக்கிறது. பின்னது அளவைப் பழிக்கிறது. ஒன்று மெய்யென நிறுவப்பட்டால் மற்றதும் தானே நிறுவப்பட்டதாகாது. இரண்டையும் ஒன்றாகக் கூட்டி 'பல சான்றுகள் உடன்படுகின்றன' என்று மென்பொருள் காட்டுமாயின், அது இல்லாத உடன்பாட்டைப் படைத்ததாகும். ஆகவே 'காரணம்' என்ற கோட்டை உண்மையாக வரையலாகாது. 'இன்னார், இந்நாளில், இக்காரணத்தைக் கூறினார்' என்ற கூற்றாகவே வரைதல் வேண்டும்.

இந்தச் சொல்லாராய்ச்சி யாருக்குப் பயன் எனக் கேட்கலாம். முடிச்சூர் மக்களுக்குப் பயன் என்போம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றின் மேற்பகுதியில் உள்ளவை. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அவற்றைக் கடந்து கீழே, திருநீர்மலைப் பக்கத்தில்தான் ஆற்றில் கலக்கிறது. ஆதனூர், மண்ணிவாக்கம் முதலிய ஏரிகளின் பெருக்கே முடிச்சூர்ப் பகுதிக்கு முதற்பகை. 'சென்னை வெள்ளம்' என்ற ஒற்றைக் கணுவில் எல்லா ஊர்களையும் அடைத்துவிட்டால், செம்பரம்பாக்கத்து மதகைச் சீராக இயக்கினாலே முடிச்சூர் தப்பிவிடும் என்ற பிழையான முடிவு பிறக்கும். பழி தவறான இடத்தில் விழுந்தால் பரிகாரமும் தவறான இடத்திற்கே செல்லும். சிற்றேரிகளின் வரத்துக் கால்வாய்களும் கலங்கல்களும் கேட்பாரற்றுப் போகும். நீரோட்டத்தின் திசையையும் ஊர்களின் வரிசையையும் முறையாகப் பதிந்த வரைபடமோ, இவ்வேறுபாட்டை ஒரே பார்வையில் காட்டிவிடும். கருவியின் பெரும்பயன் இதுவே.

இதற்கான வழிகளும் இல்லாமலில்லை. ஒவ்வொரு தரவும் எங்கிருந்து, எவர் கையால், எப்போது வந்தது என்று குறிக்கும் பொதுநெறியை உலகளாவிய வலைத் தரநிலை அமைப்பு 2013இல் வகுத்தது. 2012இல் தொடங்கிய விக்கித்தரவு, முரண்பட்ட இரு மதிப்புகளை அவற்றின் ஆதாரங்களோடு அருகருகே வைக்க இடமளிக்கிறது. முரண்பாட்டை அழிக்காமல் காத்துவைப்பது அறிவுக்கு அழகு. ஆனால் ஆதாரம் குறிக்கப்பட்டிருப்பது வேறு. அந்த ஆதாரம் நம்பத்தக்கதா என்பது வேறு. பதிவேட்டை எழுதியவர் நேரில் கண்டு எழுதினாரா, பிறகு நிரப்பினாரா, அவருக்கு அதில் ஆதாயமுண்டா என்ற வினாக்களே 'ஜர்ஹ்–தஃதீல்' எனும் எடைபோடும் கலை. அதனை ஆய்வாளர்தாம் செய்தாக வேண்டும். தம்மைத் தாமே காக்க விளக்கம் எழுதிய துறையும், துறையின் பதிவுகளைக் கொண்டே குறைகண்ட தணிக்கையாளரும், வீட்டை இழந்து நின்ற குடியிருப்பாளரும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவர் அல்லர். எவர் எதனைக் கண்டார், எதனைக் கேட்டார் என்று பிரித்தறிந்த பின்னரே எடை கூற இயலும்.

இன்று ஆவணக் குவியல்களைக் கணினியிடம் கொடுத்து, சுருக்கமான விடையைப் பெற்று முடிவெடுக்கும் வழக்கம் அலுவலகங்களிலும் செய்தியகங்களிலும் பரவிவருகிறது. அரபுக் கல்லூரிகளில் இஸ்னாதை ஓதும் நம் மாணவர்கள், தாம் கற்பது பழைய ஏடுகளுக்கு மட்டும் உரியது என எண்ண வேண்டுவதில்லை. கணினித் துறையில் பயிலும் இளைஞர்களோடு அமர்ந்து, தத்தம் ஊரின் ஓர் ஏரியைப் பற்றிய ஆவணங்களையேனும் இம்முறையில் தொகுத்துப் பார்க்கலாம். வரையும் ஒவ்வொரு கோட்டுக்கும் சொன்னவர் பெயரை எழுதிவைப்பது அவர்களது முதல் விதியாக இருக்கட்டும்.