கிண்டர்டைக்: ஆற்றங்கரைச் சிற்றூரொன்றின் வரலாறு

ஹாலந்து தேசத்தின் தென்பகுதியில், லெக், நோர்ட் என்னும் இரு நதிகள் கூடுமிடத்தில் கிண்டர்டைக் என்ற சிற்றூர் உளது. அதன் பின்புறம் பரந்துள்ள ஆல்பிளாஸர்வார்ட் என்னும் நிலப்பரப்பு நதியின் மட்டத்திற்கும் தாழ்ந்ததாகும். இப்பள்ளம் இயற்கையாக மட்டும் உண்டானதன்று. ஆதியில் இது மக்கிய செடிகொடிகளாலான சதுப்பு. குடியேறியோர் வாய்க்கால் வெட்டி ஜலத்தை வடிக்க வடிக்க, மண் சுருங்கிக் கீழிறங்கிற்று. நிலத்தைப் பயன்படச் செய்த வேலையே அதனை நீருக்கு இரையாக்கவும் செய்தது.

1277-இல் ஹாலந்துப் பிரபு ஐந்தாம் ஃபுளோரிஸ், இப்பிரதேசத்தைச் சூழ்ந்த கரைகளைப் பாதுகாக்க நீர்ச்சபையொன்றை ஏற்படுத்தினார். அக்காலத்தில் ஹாலந்து தேசத்துக் கரைகளில் நிலமுடையோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு. தன் பங்கைச் செப்பனிட இயலாதவன் கரையில் மண்வெட்டியை ஊன்றிவிட்டு, நிலத்தைத் துறந்து செல்ல வேண்டும். அம்மண்வெட்டியைப் பிடுங்குபவன் நிலத்தையும் கரைப் பொறுப்பையும் ஒருங்கே ஏற்பான். கொடிய வழக்கமே, ஆயினும் ஒருவன் பங்கில் உடைப்பெடுப்பின் அனைவர் வயலும் மூழ்குமன்றோ?

1421 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. தெற்கே அண்டையிலிருந்த குரோட்டெ வார்ட் என்ற செழித்த பூமி நீரில் ஆழ்ந்தது. அதன் பெரும்பகுதியை நெடுங்காலம் மீட்க இயலவில்லை. அவ்வெள்ளத்தில் ஒரு தொட்டில் மிதந்து வந்ததென்றும், அது கவிழாதபடி பூனையொன்று இப்புறமும் அப்புறமும் தாவி நின்றதென்றும், உள்ளே குழந்தை உயிருடன் இருந்ததென்றும் ஒரு கதை வழங்குகிறது. குழந்தைக் கரை என்று பொருள்படும் ஊர்ப்பெயருக்கு அதையே காரணம் கூறுவர். கதை இனிது, சரித்திரமாகக் கொள்ளற்பாலதன்று.

பிரதேசத்தின் நீரெல்லாம் வாய்க்கால்களின் வழியே கிண்டர்டைக்கை அடையும். நதி வற்றத்தில் இருக்கையில் மதகுகளைத் திறந்து வெளியேற்றுவர். நிலம் மேலும் தாழவே, மதகுகள் மட்டும் போதவில்லை. ஆகவே 1738-இல் செங்கல்லாலான எட்டுக் காற்றாலைகளும், 1740-இல் கூரை வேய்ந்த எட்டும் எழுந்தன. பிறவும் சேர, அங்குள்ளவை மொத்தம் 19. காற்றினாற் சுழலும் சக்கரம் தாழ்ந்த வாய்க்காலின் நீரை நான்கைந்து அடி உயர்த்தி மேல் தேக்கத்தில் விடும். ஆலைக்காரன் குடும்பத்துடன் அதனுள்ளேயே வசித்தான். நள்ளிரவாயினும் காற்றெழும்போது எழுந்தாக வேண்டும்.

1868-இல் நீராவி இறைப்பு யந்திரம் வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் எரிபொருள் கிட்டாதபோது, பழைய காற்றாலைகளே மீண்டும் நீரிறைத்தன. 1997-இல் அவை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டன. 1972 முதல் பெரிய திருகு யந்திரங்கள் அவ்வேலையைச் செய்துவருகின்றன. மண் இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறது.