மீதி நேரமா, முதல் நேரமா?



"செபிக்க எங்கே சாமி நேரம்? நாங்க செய்யிற வேலையே செபந்தானே!" பங்குப் பேரவை உறுப்பினர்கள், மறைக்கல்வி ஆசிரியர்கள், பாடகர் குழுவினர், அன்பியப் பொறுப்பாளர்கள் எனக் கோவிலுக்காக ஓடியாடி உழைப்பவர்களிடமிருந்தே இச்சொற்களை நாம் அடிக்கடி கேட்கிறோம். அருள்பணியாளர்களும் துறவியரும்கூட இதற்கு விதிவிலக்கு அல்லர். நம் உழைப்பை இறைவனுக்கு ஒப்புக்கொடுக்கும்போது அதுவும் செபமாகிறது என்பது உண்மையே. ஆனால், ஒப்புக்கொடுக்கவும் சற்று நின்று அவரை நோக்க வேண்டுமே! அந்த நேரம் நம் நாளில் எங்கே இருக்கிறது?

இயேசுவின் பணிவாழ்வில் ஒரு நாளை மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரம் காட்டுகிறது. கப்பர்நாகும் தொழுகைக்கூடத்தில் போதிக்கிறார். தீய ஆவி பிடித்தவரைக் குணமாக்குகிறார். காய்ச்சலாய்க் கிடந்த சீமோனின் மாமியாரைத் தூக்கிவிடுகிறார். கதிரவன் மறைந்தபின் ஊர் முழுவதும் வாசலில் கூடுகிறது. இத்தனை களைப்புக்குப் பிறகும், மறுநாள் விடியும் முன்பே எழுந்து, தனிமையான இடத்திற்குச் சென்று செபிக்கிறார் (மாற் 1:35). சீமோன் தேடிவந்து, மக்கள் எல்லாரும் அவருக்காகக் காத்திருப்பதைச் சொல்கிறார். நாமாக இருந்தால் மனம் குளிர்ந்து திரும்பியிருப்போம். இயேசுவோ, தம் வருகையின் நோக்கத்தை நினைவுபடுத்தி, அடுத்த ஊர்களுக்குப் புறப்படுகிறார். மக்கள் கேட்பது எது, தந்தை விரும்புவது எது என்று பிரித்தறியும் தெளிவு செபத்தில்தான் பிறக்கிறது.

தொடக்கத் திருஅவையும் இந்தச் சோதனையைச் சந்தித்தது. அன்றாடப் பந்தியில் கிரேக்கமொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தது. திருத்தூதர்கள் அந்த நியாயமான குறையைத் தட்டிக்கழிக்கவில்லை. அதற்காகச் செபத்தையும் இறைவார்த்தைப் பணியையும் கைவிடவும் இல்லை. நற்சான்று பெற்ற எழுவரைத் தெரிந்தெடுக்கச் செய்து, இறைவனிடம் வேண்டி, அவர்கள்மீது கைகளை வைத்து அப்பொறுப்பை ஒப்படைத்தார்கள் (திப 6:1-7). உணவு பரிமாறும் பணிகூட செபத்தோடுதான் தொடங்கியது என்பதைக் கவனியுங்கள்.

நம் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், சிலுவை அடையாளம், நம்பிக்கை அறிக்கை, கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம் ஆகியவற்றை உள்ளூர் மக்களின் உதவியோடு தமிழாக்கி, மனப்பாடம் செய்து, தெருத்தெருவாய் மணியடித்துக் கற்பித்தார். நோயாளிகளைப் பார்க்க வரும்படி அழைப்புகள் பெருகியபோது, செபம் கற்ற சிறுவர்களை வீடுகளுக்கு அனுப்பினார். பிறரைச் செபிக்கப் பழக்குவதையே தம் பணியின் அடித்தளமாகக் கொண்டார். மணப்பாட்டுக் குகையில் அவர் செபித்ததை அம்மக்கள் இன்றும் நினைவுகூர்ந்து போற்றுகின்றனர்.

அந்தச் சவேரியாரோடு சேர்த்து, 1927-இல் திருத்தந்தை 11-ஆம் பயஸ் மறைபரப்புப் பணிகளின் பாதுகாவலியாக அறிவித்தது யாரை? பதினைந்து வயதில் லிசியே நகர்க் கார்மேல் மடத்தில் நுழைந்து, 24 வயதில் அங்கேயே இறந்த புனித குழந்தை தெரேசாவை! மறைபரப்பு நாடு எதிலும் அவர் கால் வைத்ததில்லை. ஆனால், அப்பணிக்குச் செல்லவிருந்த இருவரைத் தம் சகோதரர்களாக ஏற்று, அவர்களுக்காகச் செபித்தார், துன்பங்களை ஒப்புக்கொடுத்தார். கடல் கடந்து நடந்த கால்களும் மடத்தில் மடங்கிய முழங்கால்களும் ஒரே பணியைச் செய்தன என்று திருஅவை நமக்குச் சொல்கிறது.

செபம் குறைந்தால் பணி உடனே நின்றுவிடாது. திருவிழா நடக்கும், கூட்டம் கூடும், கணக்கும் சரியாக இருக்கும். உள்ளே மட்டும் ஏதோ கசக்கத் தொடங்கும். "நான் மட்டும்தான் உழைக்கிறேன்" என்ற முணுமுணுப்பு மார்த்தாவின் அடுப்படியில் கேட்டது (லூக் 10:40). நம் பங்குகளிலும் கேட்கிறது. அழைப்பிதழில் யார் பெயர் முதலில், தேர் வடத்தை யார் முதலில் பிடிப்பது என்று தொடங்கும் மனத்தாங்கல், நற்கருணைப் பந்தியில் அருகருகே நிற்பவர்களையே பேசாமல் பிரித்துவிடுகிறது. யாருக்காக உழைக்கிறோம் என்பது மறந்துபோனதன் அடையாளம் அது.

அறுவடையில் முதற்பலனை ஆண்டவருக்குக் கொடுக்கிறோம். சிந்திய மணிகளைப் பொறுக்கிக் கொடுப்பதில்லை. நேரத்திலும் அவ்வாறே செய்வோம். கைபேசியைத் தொடும் முன் பத்து நிமிடம் இறைவார்த்தையோடு அமர்வோம். பேரவைக் கூட்டத்திற்கு முன் சிறிது நேரம் நற்கருணைப் பேழை முன் ஒன்றாக மௌனமாயிருப்போம். நடக்க முடியாமல் வீட்டிலிருக்கும் முதியோரிடம் பங்கின் தேவைகளைச் சொல்லி, செபிக்கக் கேட்போம். அவர்களும் நம் பணியாளர்களே.

மன்றாடுவோம்: ஆண்டவரே, உமக்காக ஓடும் நாங்கள் உம்மை விட்டு ஓடிவிடாதபடி எங்களை உம் அருகில் அமர்த்தியருளும். ஆமென்.