கேட்கிற இருதயம்

கிபியோனில் சாலொமோன் வேண்டிக்கொண்டதை நம் வேதாகமம் ‘ஞானமுள்ள இருதயம்’ என மொழிபெயர்க்கிறது (1 இராஜாக்கள் 3:9). எபிரெய மூலத்தின் நேர்ப்பொருளோ ‘கேட்கிற இருதயம்’ என்பதாகும். நியாயம் விசாரிப்பவனுக்கு ஞானம் செவிவழியே வருகிறது.

கொல்லிமலையில் ஊழியஞ்செய்த ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவலினும் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. நோயுற்றோரின் குறைகேட்டு மருந்தும் அளித்தனர். ஆயினும் ஆண்டுகள் பல சென்றும் விசுவாசிகள் எழும்பவில்லை. 1918-இல் பரவத் தொடங்கிய இன்புளூயன்சா மலையையும் தாக்கியது. அவர்களை எதிர்த்துவந்த பூசாரியே, மரணப்படுக்கையில், தம் பிள்ளைகளை அவர்களிடம் ஒப்புவித்தார். பிரசங்கம் திறவாத கதவைப் பரிவு திறந்தது.

கேட்குமுன் உத்தரம் சொல்வதைப் புத்தியீனம் என்கிறது நீதிமொழிகள் 18:13. ஆகவே, வீடு சந்திக்கச் செல்லும் போதகர், ஜெபிக்குமுன் வீட்டார் சொல்வதை முற்றும் கேட்பாராக.