ஆட்டிசத்தில் எதிரொலிப்பேச்சும் திரும்பத் திரும்பப் பாடுதலும்

எதிரொலிப்பேச்சு (எக்கோலாலியா) என்பது ஒருவர் தாம் கேட்ட சொல்லையோ, தொடரையோ, பாட்டின் ஒரு துண்டையோ, பெரும்பாலும் கேட்ட குரலின் ஏற்ற இறக்கத்தோடு, அப்படியே திரும்பச் சொல்வதாகும். பேசப் பழகும் எல்லாக் குழந்தைகளிடமும் இது காணப்படும். மூன்று வயதளவில் பெரும்பாலும் குறைந்துவிடும். ஆட்டிசம் (மதியிறுக்கம்) உள்ளவர்களில் பலரிடம் அது பள்ளிப் பருவத்திலும், சிலரிடம் அதற்குப் பின்னரும் நீடிக்கிறது. வீட்டில் இதை உளறல் என்றும், வகுப்பறையில் சேட்டை என்றும் எடுத்துக்கொள்கிறோம். இரண்டும் தவறு. இந்தத் திரும்பச் சொல்லலில் பெரும்பகுதிக்கு ஏதோ ஒரு பயன் இருக்கிறது.

உடனடி எதிரொலியும் தாமத எதிரொலியும்

"தண்ணி வேணுமா?" என்று கேட்டதும் குழந்தையும் "தண்ணி வேணுமா" என்றால் அது உடனடி எதிரொலி. கேட்டதை மணிக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கழித்துச் சொன்னால் அது தாமத எதிரொலி. கொல்லிமலையில் சோளக்காட்டுப் பேருந்து நிறுத்தத்தின் அருகில் வளரும் குழந்தை, இரவில் பாயில் படுத்துக்கொண்டு "சேந்தமங்கலம், நாமக்கல், ஏறு ஏறு" என்று நடத்துநர் குரலில் கூவுவதாக வைத்துக்கொள்வோம். வெளியே போக ஆசை என்று அதற்குப் பொருள் இருக்கலாம். பகலில் கேட்ட இரைச்சலை மனம் அசைபோடுவதாகவும் இருக்கலாம். எது என்பதைச் சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நேரத்தையும் இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆய்வு வரலாறு

அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணிபுரிந்த மருத்துவர் லியோ கேனர், 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இதைக் குறிப்பிட்டார். கேள்வியைத் திரும்பச் சொல்வதே அவர்களுக்கு "ஆம்" என்ற விடை என்பதையும், "நான்" வரவேண்டிய இடத்தில் "நீ" வருவதையும் அவர் கண்டார். 1946-இல் எழுதிய இன்னொரு கட்டுரையில் அவர் தரும் சான்று மறக்க முடியாதது. ஒரு தாய் சமையலறையில் மழலைப் பாட்டு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த பாத்திரம் கீழே விழுந்தது. அன்றிலிருந்து அவருடைய மகன், அதைப் போன்ற பாத்திரத்தைக் கண்டபோதெல்லாம் அந்தப் பாட்டின் இரண்டு சொற்களைப் பாடினான். கதை தெரியாதவருக்கு அது பொருளற்ற பாட்டு. அவனுக்கோ அதுதான் பாத்திரத்தின் பெயர்.

ஆனாலும் பின்வந்த பல ஆண்டுகள், எதிரொலியை நிறுத்துவதையே பயிற்சியின் வெற்றியாகக் கருதும் போக்கு வலுவாக இருந்தது. 1981-இல் பேரி பிரைசன்ட், ஜூடித் டுக்கன் இருவரும் நான்கு குழந்தைகளின் பேச்சைக் காணொளியில் பதிவு செய்து ஆராய்ந்தனர். முறை வைத்துப் பேசுதல், கேட்டல், ஒப்புதல், தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளல் என உடனடி எதிரொலிக்கு ஏழு பயன்களை அவர்கள் வகைப்படுத்தினர். தாமத எதிரொலிக்கு 14 பயன்களை பிரைசன்ட், பேட்ரிக் ரைடல் இருவரும் 1984-இல் விவரித்தனர். எந்த நோக்கமும் புலப்படாத எதிரொலியும் உண்டு. அதையும் அவர்கள் மறைக்கவில்லை.

தமிழில் எதிரொலி

நம் மொழியில் இதைப் புரிந்துகொள்வது எளிது. "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் நாமும் "ஆம்" என்று சொல்வது அரிது, "வேணும்" என்கிறோம். அதாவது கேள்வியிலுள்ள வினைச்சொல்லையே திரும்பச் சொல்கிறோம், இறுதி ஆகாரத்தை மட்டும் விட்டுவிட்டு. எதிரொலிக்கும் குழந்தை அந்த ஓர் எழுத்துத் தொலைவில்தான் நிற்கிறது. எனவே மறுபடி மறுபடி கேள்வி கேட்பதைவிட, தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே குழந்தை சொல்லவேண்டிய வடிவில் "தண்ணி வேணும்" என்று நாம் சொல்லிக் காட்டுவது நல்லது. அது எதை எதிரொலித்தாலும் சரியான தொடராகவே இருக்கும். "சாப்பிட்டியா" என்பதற்குச் "சாப்பிட்டேன்" வருவது இன்னும் கடினம். அங்கே முன்னிலை விகுதி தன்மை விகுதியாக மாற வேண்டும். (பாம்பு பாம்பு என்றால் அச்சம், வருக வருக என்றால் உவகை என்று அடுக்குத்தொடரைப் பாடம் நடத்தும் நாம், திரும்பச் சொல்வதற்குப் பொருளில்லை என்று நினைப்பது வேடிக்கைதான்.)

சொல்லின் நேர்ப்பொருளை நம்பினால் ஆபத்தும் உண்டு. விழுந்து அடிபட்டபோது பெரியவர்கள் "ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல" என்று தேற்றியதைக் கேட்ட குழந்தை, பிறகு காதுவலி வந்தாலும் அதையே சொல்லக்கூடும். கேட்பவர் நிம்மதியாகப் போய்விடுவார். புதிதாக ஒரு தொடர் திடீரென்று ஓயாமல் வந்தால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும்.

பாட்டு ஏன் ஒட்டிக்கொள்கிறது?

பேச்சு ஒவ்வொரு முறையும் மாறும், பாட்டு மாறாது. அடுத்து என்ன வரும் என்பது தெரிந்திருப்பதே ஆட்டிசம் உள்ள பலருக்கு ஆறுதல். சுருதியை நுட்பமாக நினைவில் வைக்கும் திறனும் அவர்களில் சிலரிடம் மிகுதி. சொந்தமாக ஒரு தொடர் பேசாத குழந்தை முழுப் பாட்டையும் பாடுவது இதனால்தான். வகுப்பில் இரைச்சல் கூடும்போது முனகலும் கூடினால், அந்தக் குழந்தை தன் குரலால் நம் சத்தத்தை மறைத்துக்கொள்கிறது என்று ஊகிக்கலாம். "வாயை மூடு" என்றால் அந்தத் திரையும் போய்விடும். ஓரமான இடம், காதை மறைக்கும் கருவி, சிறிது நேரம் வெளியே நடை ஆகியவை பெரும்பாலும் உதவும்.

எதிரொலித் துண்டுகளிலிருந்தே படிப்படியாகச் சொந்த மொழி உருவாகும் என்ற கருத்தை ஒட்டிய பயிற்சிமுறைகள் இப்போது இணையத்தில் பரவலாக விற்கப்படுகின்றன. கருத்து ஈர்ப்பானது; ஆனால் அம்முறைகளுக்கான சான்று இன்னும் போதாது. பணம் கட்டுமுன் யோசிக்க வேண்டும்.

மதிப்பீடு

செகந்திராபாத்திலுள்ள தேசிய நிறுவனம் உருவாக்கி 2009-இல் வெளியான இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. எதிரொலி, ஒரே தொடரைத் திரும்பச் சொல்லல், தன்மை முன்னிலை மாற்றம் ஆகியவை அவற்றில் அடங்கும். எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்பதற்கேற்ப ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-ஐ எட்டினால் ஆட்டிசம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றிருப்பதால், சான்றிதழுக்கு இத்தகைய மதிப்பீடு தேவை. எத்தனை முறை என்று இது அளக்கிறது. எதற்காக என்பதை வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். சொன்ன தொடர், நேரம், இடம், அதற்கு முன் நடந்தது, பிறகு குழந்தை செய்தது, அந்தத் தொடரை முதலில் எங்கே கேட்டிருக்கும் என்ற ஊகம் ஆகியவற்றை இரண்டு வாரம் எழுதலாம். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையிறங்கி, பழக்கமில்லாத அறையில் அரை மணி நேரம் உட்காரும் குழந்தை அங்கே ஒரு சொல்லும் பேசாமல் இருந்துவிடலாம். அப்போது பேச்சுப் பயிற்சியாளர் படிக்க அந்த நோட்டு இருக்கும்.